கறியும் குதிரையும்

தமிழாசிரியன் ஒருவன் விழா மலருக்கு எழுதுங்கால் சங்க நூலொன்றின் நயத்தையோ நாவலர் பெருமானின் வசனநடைச் சிறப்பையோ பேசுவான் என்று எதிர்பார்த்தல் இயல்பு. அவ்வெதிர்பார்ப்போடு இப்பக்கத்தைத் திறக்கும் பழைய மாணவர்களும் உடனாசிரியர்களும் என்னைப் பொறுத்தருளல் வேண்டும். நான் எழுதப் புகுவது ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி. அஃது அருகியே வழங்குஞ் சொல்; பாடப்புத்தகங்களில் ஆண்டுக்கொருமுறை தலைகாட்டினாற் பெரிது. ஆயினும் அச்சொல்லால் என் மாணவனொருவன் கைக்கெட்டிய வேலையொன்றை இழந்தான். அவனுக்கு அச்சொல்லைப் படிப்பித்தவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பாடசாலையில் நான் கடமையாற்றிய காலம் அது. அங்கே ஆங்கில ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின் அவ்விடத்துக்கு நெடுநாள் ஒருவரும் வரவில்லை. வெறுமையாய்க் கிடந்த பாடவேளைகளை நிரப்புமாறு என்னை அனுப்பினார்கள். என்னுடைய ஆங்கிலம் ஆசிரிய கலாசாலையோடு நின்றுபோன ஆங்கிலம். ஆதலின் எனக்குக் கைவந்த வழியிலே இறங்கினேன். நிகண்டு மனனஞ் செய்து வளர்ந்தவனுக்கு நிகண்டுதானே வழி? சிறிய அகராதியொன்றிலிருந்து வாரத்துக்கு 20 வினைச்சொற்களைத் தெரிந்து, கரும்பலகையின் இடப்பக்கத்தில் ஆங்கிலமும் வலப்பக்கத்தில் தமிழுமாக எழுதுவேன். பிள்ளைகள் அவற்றைப் பாடமாக்கித் திங்கட்கிழமை ஒப்புவிப்பார்கள். இரு தரத்தாருக்கும் அதில் மிகுந்த திருப்தி.

அங்ஙனம் எழுதியவற்றுள் ஒன்று ‘கறி பேவர்’ என்னுந் தொடர். அதற்கு நேரே ‘தயவைப் பெறுதல்’ என்று எழுதினேன். கறி என்ற ஒலியைக் கேட்டதும் வகுப்பு முழுவதும் சிரித்தது. நானுஞ் சிரித்து, “நல்ல கறி சமைத்துப் போட்டால் யாருடைய தயவுங் கிடைக்குந்தானே!” என்று சொல்லி, சொல் நினைவில் நிற்பதற்கு ஒரு கதையையுங் கட்டிவிட்டேன். அந்தக் கதையாலேயே சொல் மறவாமல் நின்றது. மறந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அவ்வகுப்பில் இருந்தவன் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த பையன். தாயுந் தந்தையும் கொழுந்து மலையில் வேலை செய்பவர்கள். உயர்தரப் பரீட்சை எழுதிய பின் ஒரு கந்தோரில் இலிகிதர் வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பித்தான். தான் பணிவுள்ளவன், மேலதிகாரிகளின் நன்மதிப்புக்கு உரியவனாய் நடப்பவன் என்று எழுத விரும்பினான்; அதற்கு நான் கொடுத்த தொடரையே எடுத்தாண்டான். நேர்முகப் பரீட்சையில் அவ்வாக்கியத்தை ஒருவர் உரத்து வாசித்தார், மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுள் தமிழர் ஒருவர் இருந்தார். “தம்பி, இங்கே வந்து எங்களுக்குப் பந்தம் பிடிக்கப் போகிறீரா?” என்று அவர் கேட்டாராம். தான் எழுதியது இன்னதென்று பையனுக்கு அப்பொழுதுதான் தெரிந்தது. வேலை கிடைக்கவில்லை. அந்த வாக்கியமே அதற்கு முழுக் காரணமென்று சொல்வதற்கில்லை. அவனோ வேறு காரணத்தை நம்பவில்லை.

சில நாட்களின் பின் என்னிடம் வந்தான். அவன் முகத்திற் கோபமில்லை. “சேர், கரும்பலகையில் அப்படித்தானே எழுதினீர்கள்?” என்று மட்டுங் கேட்டான். நான் அகராதியை எடுத்துக் காட்டினேன். அதிலும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அகராதி என்னைக் காப்பாற்றியது, அவனைக் காப்பாற்றவில்லை.

அன்றிலிருந்து இச்சொல்லை நான் விடவில்லை. அது முதலிற் கறியே அன்று. உண்ணுங் கறி ஆங்கிலத்துக்குப் போனது நம்மிடமிருந்து. இந்த வினையோ பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலம் பெற்றுக்கொண்டது. ஆயத்தஞ் செய்தல், செப்பஞ் செய்தல் என்பது அதன் அடிப்பொருள். அதிலிருந்து இரண்டு தொழில்கள் கிளைத்தன. ஒன்று, பதனிட்ட தோலை நனைத்துத் தேய்த்து மெருகேற்றுதல். மற்றது, குதிரையின் உடம்பைப் பல்லுள்ள தேய்ப்பானால் வாரித் தேய்த்தல். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதியில் இவ்விரு பொருள்களும் உள்ளன. அடித்து நொறுக்குதல் என்னும் பொருளும் உண்டு. தோல் வேலையிலிருந்து அடி எப்படி வந்ததென்று நம் மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. “தோலை உரித்துப்போடுவேன்” என்று கேட்டு வளராதவர் நம்முள் யார்?

இனித் ‘தயவு’ எவ்வாறு வந்து ஒட்டிக்கொண்டது? இங்கேதான் கதை சுவைக்கிறது. பிரான்சில் 1310இலும் 1314இலும் இரு பகுதிகளாக ஓர் அங்கதக் கவிதை நூல் எழுந்தது. ஜெர்வே து பூஸ் என்பவர் இயற்றியதென்பர். அதன் தலைவன் மனிதனல்லன். போவேல் என்னும் மங்கிய பழுப்பு நிறக் குதிரை. அது தொழுவத்தை விட்டு அரண்மனையிற் குடியேறுகிறது. அரசரும் பாப்பரசரும் குருமாரும் பிரபுக்களும் வரிசையில் நின்று அதனைத் தடவித் தேய்த்துக் கொடுக்கிறார்கள். அக்குதிரையின் பெயரிலுள்ள ஆறு எழுத்துக்களும் முகத்துதி, பேராசை, இழிமை, நிலையின்மை, பொறாமை, கோழைமை என்னும் ஆறு குற்றங்களின் முதலெழுத்துக்கள். ஆங்கிலேயர் இப்பெயரைப் ‘பேவல்’ என்றாக்கி, அதிகாரத்திலுள்ளவரை இச்சகம் பேசி மயக்குவதைப் ‘பேவலைத் தேய்த்தல்’ என்றனர். காலஞ் செல்லக் குதிரை மறந்துபோயிற்று. பேவல் என்றால் என்னவென்று அறியாத மக்கள், 16ஆம் நூற்றாண்டளவில், தமக்குத் தெரிந்த ‘பேவர்’ என்னுஞ் சொல்லை, அதாவது தயவு என்பதை, அவ்விடத்தில் வைத்துவிட்டார்கள். லகரம் ரகரமானது, குதிரை தயவானது.

ஆகவே அந்தப் பையனுக்கு முன்னரே ஆங்கிலேயர் அச்சொல்லிற் பிழைவிட்டிருக்கிறார்கள். அவர்கள் பிழை மரபாயிற்று. நமது பிழை பிழையாகவே நின்றது. இதில் வியப்பொன்றுமில்லை, நம் ஊரிலும் இப்படி நடக்கும். ‘காக்காய் பிடித்தல்’ என்கிறோமே, அதிற் காகத்துக்கு என்ன வேலை? கால் கை பிடித்தல் என்பதே மருவி அங்ஙனமாயிற்று என்பர். கால் கையைப் பிடித்தவன் கண்ணுக்குத் தெரியாமற் போக, பறவையொன்று வந்து அவனிடத்தில் உட்கார்ந்துகொண்டது.

உண்ணுங் கறியையும் இங்கே சொல்லாமல் விட்டால் மாத்தளையான் என்ற பெயருக்கு இழுக்கு. நம் நகரிலிருந்து அலுவிகாரை நோக்கிச் செல்லும் வீதியின் இருமருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பலகைகளைப் பார்க்கிறோம். வெளிநாட்டார் வந்திறங்கிக் கறித்தூள் வாங்கிச் செல்கிறார்கள். அங்கே மரத்தைப் பற்றிப் படர்ந்திருக்கும் மிளகுக்குப் பழந்தமிழிற் கறி என்றே பெயர். யவனர் முசிறித் துறைக்குப் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியைக் கூறும் அகநானூற்று 149ஆம் பாட்டும் மிளகை அப்பெயராலேயே குறிக்கிறது. கறித்தல் என்றால் கடித்து மெல்லுதல். பிற்காலத்தில் அப்பெயர் சோற்றோடு உண்ணும் வியஞ்சனத்துக்காகி, போர்த்துக்கேயர் வாய்வழியாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. 1660 தொடக்கம் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில், இந்நாட்டார் காய்களைப் பழுக்குமுன் பறித்து அவித்துச் சோற்றுக்குத் துணையாக உண்பதைக் கூறுமிடத்து இச்சொல்லை வழங்கி, அது போர்த்துக்கேயர் சொல் என்கிறார். நம்மிடமிருந்து போன சொல்லை நம் நாட்டிலேயே இருந்துகொண்டு போர்த்துக்கேயருடையது என்று எழுதிவைத்தார்! பாவம், அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவருக்கு அகராதி கொடுப்பார் யாருமில்லை.

ஒலியால் ஒன்றாகிய இரு சொற்கள், ஒன்று நம்முடையது, மற்றது குதிரை லாயத்துக்குரியது, இவ்வாறு ஆங்கிலத்தில் அருகருகே வந்து நின்றன. தமிழ்ப்பிள்ளை முதலாவதைக் கேட்டு இரண்டாவதில் விழுகிறான்.

பையனின் கதை அத்தோடு முடியவில்லை. நம் மாவட்டத்தில் மொறகஹகந்த நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது, அப்பணியை ஏற்றிருந்த சீனக் கம்பனியின் களஞ்சியத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. நீர்த்தேக்கம் 2018இல் திறக்கப்படும் வரை அங்கிருந்தான். ஒரு விடுமுறையில் வந்தவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “சேர், எங்கள் மொழிபெயர்ப்பாளர் சீனர். அவரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிக் குதிரைக் கதையையுஞ் சொன்னேன். முடிக்குமுன்னமே விளங்கிவிட்டது. அவர்கள் மொழியில் முகத்துதிக்குப் பெயரே குதிரையின் பின்பக்கத்தைத் தட்டுவதுதானாம்!” பின்னர் விசாரித்துப் பார்த்தேன், மெய்தான். பாய் மா பீ என்பது அத்தொடர். ஐரோப்பாவிற் குதிரையைத் தேய்த்தார்கள், சீனத்திலே தட்டுகிறார்கள். குதிரைக்காரன் முகம் பார்த்துச் செய்வதென்னவோ ஒன்றுதான். சீன மாணவனுக்கு அச்சொல்லை விளக்க வேண்டுமாயின் ஆசிரியர் அரை நிமிடத்துக்கு மேல் மெனக்கெட வேண்டியதில்லை. அவன் வீட்டிலுள்ள குதிரையைக் காட்டினாற் போதும்.

நம் வீட்டில் என்ன இருக்கிறது? பந்தம் இருக்கிறது. பெரியவர் நடக்க முன்னே தீவட்டி ஏந்திச் செல்பவனின் படம் அது. சிங்களத்திலும் ‘பந்தம் அல்லனவா’ என்று அதே படம் அதே கண்டனத்தோடு வழங்குகிறது. மாத்தளைக் கடைவீதியில் இரு மொழியாருக்கும் இத்தொடர் பொது. யாழ்ப்பாணத்தார் வால் பிடிக்கிறார்கள். இந்தியப் படங்கள் வந்தபின் நம் பிள்ளைகள் ஐஸ் வைக்கவுஞ் சோப்புப் போடவும் பழகிவிட்டார்கள். இத்தனையும் இருக்க, நான் கரும்பலகையில் எழுதியது ‘தயவைப் பெறுதல்’!

என் பிழையை நான் இப்பொழுது இவ்வாறு காண்கிறேன். நான் எழுதியது பொய்யன்று. பேவலைத் தேய்ப்பவன் தயவைத்தான் பெறுகிறான். ஆனால் வினைச்சொல் என்பது செயலை மட்டுங் கூறுவதன்று. அச்செயலைச் செய்பவனை ஊரார் எவ்வாறு பார்க்கிறார்கள் என்பதையும் உடன் கூறுவது. பணிதலுங் குழைதலும் ஒரே முதுகின் வளைவுதான். முன்னதைச் செய்தவனை வீட்டுக்கு அழைக்கிறோம். பின்னதைச் செய்தவனை வாசலில் நிறுத்துகிறோம். அந்தப் பையன் சொல்ல விரும்பியது வள்ளுவர் ‘மன்னரைச் சேர்ந்தொழுகல்’ என்று 70ஆம் அதிகாரம் முழுதுங் கூறும் ஒழுக்கத்தை. எழுதியதோ பந்தம் பிடித்தலை. அகராதியின் ஒரு சொற்பொருள் இந்த இரண்டுக்குமிடையிலுள்ள வேலியைப் பிடுங்கிவிட்டது. நேர்முகப் பரீட்சையிற் கேட்ட அந்தத் தமிழரோ, ஏளனமாகவேனும், ஒரே வாக்கியத்தில் வேலியை நட்டுவிட்டார். அவர் கேட்டதை நான் முன்னரே வகுப்பிற் சொல்லியிருக்கலாம்.

இது ஒரு சொல்லின் விபத்து என்று தள்ளிவிட முடியாது. ‘கொண்டிசெண்ட்’ என்றோர் ஆங்கில வினை உண்டு. இறங்கிவருதல் என்பது பொருள். முற்காலத்திற் பெரியோரின் அருளைப் பாராட்டும் சொல்லாக அது வழங்கியது. இன்றோ தன்னை உயர்வாக எண்ணிப் பிறரைச் சிறியராய் நடத்துவதையே பெரிதுங் குறிக்கும். நம் பழைய விண்ணப்ப நடையை அறிந்த முதியவர் எழுதிக்கொடுத்த நன்றிக் கடிதமொன்றில், பிரதம விருந்தினர் எங்கள் விழாவுக்குக் கொண்டிசெண்ட் செய்து வந்தார் என்றிருந்ததை நானே கண்டேன். ‘திருவுளங்கொண்டு எழுந்தருளினார்’ என்பதே அவர் நினைத்தது. விருந்தினர் படித்தது வேறு. நல்லவேளையாக விருந்தினர் நல்ல மனிதர்.

ஆகையால் நான் வேண்டுவது இதுவே: ஆங்கில வினைகளை, சிறப்பாகப் புகழ்ச்சியும் பழியுங் கலந்து நிற்கும் வினைகளைப் படிப்பிக்கும்போது, பிள்ளையின் வீட்டில் வழங்குந் தொடரை முதலிற் கேட்டு வாங்கி அதனருகே ஆங்கிலத்தை வைக்க வேண்டும். அகராதித் தமிழை அதன்பின் எழுதலாம்; எழுதாமலும் விடலாம்.

இதற்கு இரண்டு பக்கத்திலிருந்து மறுப்பு வரும், வந்துமிருக்கிறது. ஆங்கில ஆசிரியர் சிலர், ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே படிப்பிக்க வேண்டும், தாய்மொழி குறுக்கே வந்தால் பிள்ளை என்றும் மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பான் என்கிறார்கள். ஓடுதல், பாடுதல், கதவைத் திறத்தல் என்பவற்றுக்கு அது சரி. செய்து காட்டினால் முடிந்தது. இச்சகத்தை எப்படிச் செய்து காட்டுவது? ஆசிரியர் அதிபரின் முன் செய்து காட்டலாம். ஆனால் வகுப்புக்கு அதில் எது பணிவு, எது இச்சகம் என்று தெரியாது. தவிர, நம் அயலிலுள்ள அலுவிகாரையையே எடுத்துக்கொள்வோம். கி. மு. முதலாம் நூற்றாண்டிற் பாளித் திரிபிடகம் அங்கே ஏட்டில் எழுதப்பட்டதென்பது வரலாறு. மூலம் பாளியாயினும் இந்நாட்டில் அதற்கு வழங்கிய உரை சிங்களத்தில் இருந்தது, அவ்வுரைகளையே கி. பி. 5ஆம் நூற்றாண்டிற் புத்தகோசர் பாளிக்குப் பெயர்த்தார். மூலத்தைப் போற்றியவர்களே உரையை ஊர்மொழியில் வைத்திருந்தார்கள். அதனால் அவர்களுடைய பாளி கெட்டதாக யாருஞ் சொல்லவில்லை.

மற்றொரு மறுப்பு என் சொந்தப் பக்கத்திலிருந்து. பந்தம் பிடித்தலுங் காக்காய் பிடித்தலும் வகுப்பறையிற் சொல்லத்தக்க தமிழா என்று தமிழாசிரியர்கள் கேட்கிறார்கள். பிள்ளைகளின் கட்டுரையில் ஐஸ் வைத்தலைக் கண்டால் நானும் சிவப்பு மையால் வெட்டுகிறவன்தான். அவர்கள் கவலை எனக்குப் புரியாததன்று. ஆனால் ‘முகத்துதி’ என்று செந்தமிழில் எழுதிப்போட்டால் தோட்டத்துப் பிள்ளை அதற்கும் ஒரு பொருள் எழுதித் தரும்படி கேட்பான். தெரியாத சொல்லுக்குத் தெரியாத சொல்லைப் பொருளாகக் கொடுத்துப் பரீட்சை நடத்துவது நம்முடைய பழைய வழக்கம். அவ்வழக்கத்திற்குத்தான் நான் ஓராண்டு முழுவதும் கரும்பலகையை இரவல் கொடுத்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுத் தொடர் பொருளைத் தரும், இலக்கணத்தைத் தராது. ‘துரைக்குப் பந்தம் பிடிக்கிறான்’ என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதைக் கொண்டு பிள்ளை ஆங்கிலத்திலும் ‘டு’ போடுவான். அங்கே வேண்டியது ‘வித்’. கறி, பேவர், வித், பின்னர் ஆள்: இதுவே வழக்கமான வரிசை. பேவரின் முன் ‘ஏ’ என்னுஞ் சிறுசொல்லும் வராது. அன்றியும் இவ்வினை சமையலிலும் லாயத்திலுந் தோல் பட்டறையிலுந் தவிர, இன்று பெரும்பாலும் இத்தொடருக்குள்ளேயே வாழ்கிறது. வெளியே கொண்டுவந்து ‘கறி தாங்க்ஸ்’ என்றெல்லாம் புதிதாய்க் கட்டலாகாது. இவற்றுக்கு ஆங்கில ஆசிரியரே வேண்டும். தமிழாசிரியன் வாசல் வரை கூட்டிச் செல்லலாம்.

இப்போதெல்லாம் ஆங்கில ஆசிரியர் அழைத்தால் மட்டும் அவர் வகுப்புக்குப் போகிறேன். அவர் சொல்லைச் சொல்லி ஒரு சிறு நிகழ்ச்சியையுஞ் சொல்வார், நான் “உங்கள் வீட்டில் இவனை என்ன சொல்வீர்கள்?” என்று கேட்பேன். லயன் வீட்டிலிருந்து வருபவன் ஒன்று சொல்வான், நகரத்துக் கடைக்காரர் மகன் ஒன்று சொல்வான், சில வேளை இருவரும் சண்டை பிடிப்பார்கள். பாடவேளை போதாமற் போவதுண்டு.

இக்கட்டுரையை மலர்க்குழுவினரிடம் கொடுக்குமுன் அந்தப் பழைய மாணவனுக்கு அனுப்பி, அச்சிடலாமா என்று கேட்டேன். அவனுக்கு இப்பொழுது நல்ல வேலை. ஆங்கிலம் என்னிலும் நன்றாக எழுதுகிறான். அச்சிடச் சம்மதித்தான். ஒரு திருத்தம் மட்டுஞ் சொன்னான்: விண்ணப்பத்திலே தான் ‘மேலதிகாரிகள்’ என்றோடு நிறுத்தவில்லையாம், ‘எல்லா மேலதிகாரிகளிடமும், நாள்தோறும்’ என்று எழுதினானாம்.